ஜெயில் வார்டர் வேலைக்குப் போறீங்களா? பயிற்சில சொல்லித் தராத சில சமாச்சாரம்

சீருடைப் பணியாளர் தேர்வு எழுதி போலீஸ் ஆயிடலாம்னு நெனச்சு, லிஸ்ட் வந்தப்போ பக்கத்துல சிறைத்துறைன்னு போட்டிருக்கறத பாத்து "அய்யய்யோ ஜெயிலா"ன்னு முழிக்கிற பசங்க பொண்ணுங்க ஒவ்வொரு பேட்ச்லயும் இருக்காங்க. அவங்களுக்காகத்தான் இத எழுதறேன். தமிழ்நாட்டு ஜெயில்ல இரண்டாம் நிலை சிறைக் காவலர், அதாவது எல்லாரும் வார்டர்னு சொல்ற வேலை, அத எப்படி பண்ணா சேதாரம் இல்லாம பண்ணலாம்ங்கறதுதான் விஷயம். ஒண்ண மொதல்லயே சொல்லிடறேன், உள்ள போனா நம்மள காப்பாத்தறது கையில இருக்கற லத்தி கிடையாது, "இந்த ஆளு சொன்னா சொன்னபடி செய்வான், முடியாதுன்னா முடியாதுதான்"னு கைதிங்க நடுவுல நமக்கு இருக்கற பேரு. அந்தப் பேரு எடுக்க மாசக்கணக்கா ஆகும், கெடுத்துக்க ஒரு கட்டு பீடி போதும்.

தேர்வ பத்தி சுருக்கமா சொல்லிட்டு போயிடறேன், அதுக்கு கோச்சிங் சென்டர் வீடியோ ஆயிரம் கெடக்கு. போலீஸ், ஜெயில், தீயணைப்பு மூணுக்கும் டிஎன்யுஎஸ்ஆர்பி, அதாவது தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம், ஒரே நோட்டிபிகேஷன்தான் போடும். பத்தாவது பாஸ் பண்ணிருந்தா போதும். பொதுப் பிரிவுக்கு வயசு 18ல இருந்து 26, பிசி எம்பிசிக்கு 28 வரைக்கும், எஸ்சி எஸ்டிக்கு 31 வரைக்கும். தமிழ் தகுதித் தேர்வு 80 கேள்வி, அதுல 40 சதவீதம் எடுக்கலன்னா மெயின் பேப்பர திருத்தவே மாட்டாங்க. மெயின்ல 70 கேள்வி, பொது அறிவு 45, உளவியல் 25, இந்த இருபத்தஞ்சத்தான் நெறைய பேரு அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுட்டு கோட்டை விடுவாங்க. உயரம் பசங்களுக்கு 170 செ.மீ, பொண்ணுங்களுக்கு 159, எஸ்சி எஸ்டிக்கு 167, 157. பசங்க 1500 மீட்டர 7 நிமிஷத்துல ஓடணும், பொண்ணுங்க 400 மீட்டர 2 நிமிஷம் 30 செகண்ட்ல ஓடணும். சம்பளம் 18,200 – 67,100 ஸ்கேல். இதெல்லாம் 2022, 2023 வாக்குல வந்த கணக்கு, உங்களுக்கு எது வருதோ அந்த நோட்டிபிகேஷன வரி விடாம படிச்சுக்கோங்க.

எங்க போடுவாங்கன்னா, மத்திய சிறை ஒம்போது இருக்கு, புழல் ஒண்ணு, புழல் ரெண்டு, வேலூர், கடலூர், சேலம், கோவை, திருச்சி, மதுரை, பாளையங்கோட்டை. அது போக பெண்கள் தனிச்சிறை, மாவட்டச் சிறை, சின்ன வயசு பசங்கள வெக்கற பார்ஸ்டல் பள்ளி, கிளைச் சிறை. புதுசா வர்றவங்க கிளைச் சிறைன்னா சின்ன எடம், ஜாலியா இருக்கும்னு நெனப்பாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. சென்ட்ரல்ல ஒரு விசில் ஊதினா நாலு பக்கத்துல இருந்தும் ஆள் ஓடி வரும், கிளைச் சிறைல ராத்திரில நீங்களும் இன்னொருத்தரும்தான், அவரும் வயசானவரா இருந்தா நீங்க மட்டும்தான். வேலைய கத்துக்கறதுக்கு சென்ட்ரல் ஜெயில் மாதிரி எடம் வேற கிடையாது, கெடச்சா மாத்தல் கேட்டு அலையாதீங்க.

கேட்டு

மெயின் கேட்ல ரெண்டு கதவு இருக்கும், வெளிக்கதவு ஒண்ணு உள்கதவு ஒண்ணு, ரெண்டும் ஒரே நேரத்துல எப்பவும் தொறந்திருக்கக் கூடாது. இதுதான் ஜெயிலோட மொத பாடம். சூப்பிரண்டு ஐயாவே அவசரமா வந்து நின்னாலும் ஒண்ண மூடி பூட்டிட்டுத்தான் இன்னொண்ண தொறக்கணும், ஆள் போறது வர்றதெல்லாம் பெரிய கதவுலயே இருக்கற சின்ன கதவு, அந்த திட்டிவாசல் வழியாத்தான், பெரிய கதவு வண்டிக்கு மட்டும். கேட் டூட்டி போட்டா "என்னப்பா என்னையவே நிக்க வெக்கறியா"ன்னு யாராவது முறைப்பாங்க, முறைச்சுட்டு போகட்டும், உள்ளுக்குள்ள உங்கள பத்தி நல்ல அபிப்ராயம்தான் வரும்.

உங்களையும் சோதனை போடுவாங்க. போன், பர்ஸ் எல்லாம் வெளிய வெச்சுட்டுத்தான் போகணும், டிபன் பாக்ஸ கூட தொறந்து பாப்பாங்க. புதுசா வந்தவங்களுக்கு இது ரோஷமா இருக்கும். அந்த ரோஷத்த கேட்டுக்கு வெளியவே கழட்டி வெச்சுட்டு வாங்க, ஏன்னா 1894ஆம் வருஷத்து சிறைச் சட்டத்துலயே கேட் கீப்பருக்கு உள்ள போறது வெளிய வர்றது எதுவா இருந்தாலும் சோதனை போட அதிகாரம் இருக்கு, இது நேத்து வந்த அவமரியாதை கிடையாது. இன்னும் சொல்லப்போனா அந்த சோதனை உங்களுக்குத்தான் கவசம், நாளைக்கு கைதிங்கள அடைச்சு வெக்கற பிளாக்ல ஒரு செல்போன் மாட்டினா யாரு கொண்டு போனதுன்னு கேள்வி வரும்போது "நான் தெனமும் சோதனை முடிச்சுத்தான் போனேன், ரெஜிஸ்டர பாருங்க"ன்னு சொல்ல முடியும்.

சாவி கொத்து வாங்கும்போது எண்ணி வாங்குங்க, கொடுக்கும்போதும் எண்ணிக் கொடுங்க. கைதி கண்ணுக்கு நேரா சாவிய ஆட்டிக்கிட்டு நிக்காதீங்க, இன்னொருத்தர் கையில "கொஞ்சம் புடிங்க"ன்னு கொடுக்காதீங்க.

எண்ணிக்கை

காலைல ஆறு மணி வாக்குல லாக்கப் தொறக்கறதுல இருந்து சாயங்காலம் பூட்டற வரைக்கும் ஜெயில் ஓடறதே எண்ணிக்கைலதான். மொத்தம் இத்தனை பேரு, கோர்ட்டுக்கு போனது இத்தனை, ஆஸ்பத்திரில இத்தனை, சமையல்கட்டுல இத்தனை, லீவுல போனது இத்தனைன்னு எல்லாம் கூட்டி கழிச்சு டேலி ஆனாத்தான் ஷிப்ட் முடியும், ஒரு தலை இடிச்சாலும் அத்தனை பேரும் நிக்க வேண்டியதுதான், வீட்ல கல்யாணமா இருந்தாலும் சரி.

இதுல எப்பவும் நடக்கற தப்பு என்னன்னா, பிளாக்குக்கு வெளிய நின்னுக்கிட்டு "உள்ள எத்தனை பேருப்பா"ன்னு ஒரு பழைய கைதிய கேட்கறது, அவன் "இருபத்திரண்டு சார்"ம்பான், நாம எழுதிட்டு அடுத்த பிளாக்குக்கு போயிடறது. அப்படி எண்ணறதுக்கு எண்ணாமலே இருக்கலாம். உங்க கண்ணால மூஞ்சிய பாத்து எண்ணணும். ராத்திரி ரவுண்ட்ஸ்ல போர்வைய எண்ணக் கூடாது, உள்ள ஆள் இருக்கா, மூச்சு விடறானா, அசையறானான்னு பாக்கணும், சந்தேகமா இருந்தா கூப்பிட்டு எழுப்புங்க, திட்டினா திட்டட்டும். தப்பிச்சு போறவன கண்டுபிடிக்கறது ஒரு காரணம், நெஞ்சு வலி வந்தவன், வலிப்பு வந்தவன், தன்னையே ஏதாவது பண்ணிக்க நெனக்கறவன், இவங்கள நேரத்துக்கு கண்டுபிடிக்கறது அதவிட பெரிய காரணம்.

ரவுண்ட்ஸ் போற நேரத்த மாத்திக்கிட்டே இருங்க. சரியா மணிக்கு ஒரு தடவை கடிகாரம் மாதிரி வந்து போனீங்கன்னா நடுவுல இருக்கற அம்பத்தஞ்சு நிமிஷத்த அவங்களுக்கு எழுதிக் கொடுத்துட்டீங்கன்னு அர்த்தம்.

புதுசா உள்ள வர்ற ஆள்

ரிமாண்ட்ல ஆள் வரும்போது அட்மிஷன்ல இருக்கற வார்டர் ரொம்ப முழிப்பா இருக்கணும். உடம்புல காயம் இருக்கா, நடக்கறது எப்படி இருக்கு, உக்காரும்போது வலில மூஞ்சி சுருங்குதா, இதெல்லாம் பாக்கணும், பாத்தத எழுதணும், டாக்டர்கிட்ட காட்டி அவரும் எழுதணும். 1894 சட்டத்தோட 24ஆம் பிரிவே இதத்தான் சொல்லுது, வந்த ஒவ்வொரு கைதியையும் சோதிச்சு உடம்புல இருக்கற காயம், அடையாளம் எல்லாத்தையும் பதிவு பண்ணணும்னு. இது வெறும் பேப்பர் வேலைன்னு நெனக்கறவங்க 2020 ஜூன்ல சாத்தான்குளம் போலீஸ் ஸ்டேஷன்ல இருந்து கோவில்பட்டி கிளைச் சிறைக்கு வந்த அப்பாவும் மகனும் அடுத்தடுத்து செத்துப்போனத ஞாபகம் வெச்சுக்கோங்க. ஆள கொண்டு வந்த போலீஸ்காரர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும், "காயத்த எழுதாம நான் கையெழுத்து போட முடியாது சார், ஜெயிலர் ஐயாகிட்ட பேசுங்க"ன்னு தன்மையா சொல்லுங்க. கையெழுத்து போட்ட நிமிஷத்துல இருந்து அந்த உயிருக்கு நாமதான் பொறுப்பு.

மொத ரெண்டு மூணு நாள் ரொம்ப ஆபத்தான நாள். வெளிய ராஜா மாதிரி இருந்தவன் கூட மொத ராத்திரி செவுத்த பாத்துக்கிட்டே உக்காந்திருப்பான், குடிய திடீர்னு விட்டவனுக்கு கை நடுக்கம் வரும், சில பேரு கண்டபடி உளறுவான், அத நடிப்புன்னு விடாதீங்க, அது சாகற அளவுக்கு போகக்கூடிய வியாதி, உடனே டாக்டருக்கு சொல்லணும். அதே மாதிரி ஜாமீன் தள்ளுபடி ஆன அன்னிக்கு, தீர்ப்பு வந்த அன்னிக்கு, மனு பாக்க, அதாவது கைதிய நேர்ல பாத்து பேச, பொண்டாட்டி வருவான்னு குளிச்சு தலை சீவி காத்துக்கிட்டிருந்து யாரும் வராம போன அன்னிக்கு, வீட்ல சாவுன்னு சேதி வந்த அன்னிக்கு, அந்த ஆள தனியா வெக்காதீங்க. திடீர்னு சாப்பாட்ட ஒதுக்கறவன், தன்னோட சாமானெல்லாம் மத்தவனுக்கு எடுத்து கொடுக்கறவன், ரொம்ப நாளா அழுதுக்கிட்டிருந்து சட்டுனு அமைதியானவன், இவங்கள பத்தி நல அலுவலர்கிட்டயும் உளவியலாளர்கிட்டயும் அன்னிக்கே சொல்லிடுங்க, அடுத்த ஷிப்ட்காரருக்கும் வாயால சொல்லி நோட்லயும் எழுதி வைங்க. "செத்துடலாம்னு தோணுதாப்பா"ன்னு நேராவே கேக்கலாம், கேட்டா நாமளே யோசனை சொல்லிக் கொடுத்த மாதிரி ஆயிடுமோன்னு பயப்படாதீங்க, ஆகாது, பல பேரு அந்தக் கேள்விக்காகவே காத்திருந்த மாதிரி கொட்டித் தீத்துடுவாங்க.

இன்னொண்ணு. உள்ள இருக்கறவங்கள்ல பெரும்பாலானவங்க தண்டனைக் கைதியே கிடையாது. தேசிய குற்ற ஆவணக் காப்பகம் கணக்குப்படி 2022 கடைசில இந்தியா பூரா ஜெயில்ல இருந்த 5,73,220 பேர்ல 4,34,302 பேரு விசாரணைக் கைதிங்க, அதாவது நாலுல மூணு பேரு மேல கேஸ் இன்னும் முடியல. கேஸ் கட்ட படிச்சுட்டு இவன் இப்படிப்பட்டவன், இவன கவனிச்சுக்கணும்னு நாம தீர்ப்பு எழுத ஆரம்பிச்சா அந்த வேலைக்கு வேற ஆளுக்கு சம்பளம் கொடுத்து வெச்சிருக்காங்க. பேர சொல்லி கூப்பிடுங்க, வயசானவங்கள வாங்க போங்கன்னு சொல்லுங்க, அதுல உங்க கெத்து ஒண்ணும் குறையாது.

"சார் ஒரு சின்ன ஹெல்ப்"

இதத்தான் கொஞ்சம் விலாவாரியா எழுதணும்னு இருந்தேன், ஏன்னா வார்டருங்க வேலைய பறிகொடுக்கறது கைதிகிட்ட அடி வாங்கி இல்ல, இந்த சின்ன ஹெல்ப்லதான்.

நமக்கு எட்டு மணி நேர டூட்டில நூறு வேலை, கைதிக்கு நாள் பூரா நம்மள படிக்கறத தவிர பெரிய வேலை இல்ல. யாருக்கு கடன் இருக்கு, யாரு வீட்ல சண்டை போட்டுட்டு வந்திருக்கான், யாருக்கு புகழ்ந்தா புடிக்கும், யாரு மேலதிகாரி மேல கடுப்புல இருக்கான், எல்லாம் ஒரு மாசத்துல கணக்கு எடுத்துடுவாங்க. ஆரம்பம் ரொம்ப சாதாரணமா இருக்கும். "சார் நீங்க மத்தவங்க மாதிரி இல்ல சார், மனுசனா நடத்தறீங்க"ம்பான். ரெண்டு நாள் கழிச்சு உங்க ஊர் எதுன்னு கேப்பான், அட நம்ம பக்கத்து ஊருதான்னு சொந்தம் கொண்டாடுவான். அப்புறம் உங்களுக்கு ஒரு உதவி பண்ணுவான், எந்த பிளாக்ல யாரு பீடி வெச்சிருக்கான்னு துப்பு கொடுப்பான், நீங்க போய் புடிச்சு ஜெயிலர்கிட்ட நல்ல பேரு வாங்குவீங்க. அதுக்கப்புறம்தான் கேப்பான், "சார் வீட்டுக்கு ஒரே ஒரு போன் பண்ணி நான் நல்லா இருக்கேன்னு சொல்லிடுங்க, அம்மாவுக்கு ஒடம்பு சரியில்ல". மனசு எளகும். பண்ணுவீங்க. அந்த நம்பர்ல பேசினது அம்மாவா, கூட்டாளியான்னு உங்களுக்கு தெரியாது, ஆனா உங்க நம்பர் இப்போ அவங்க கையில. அடுத்த மாசம் வீட்ல இருந்து யாரோ உங்களுக்கு கூகுள் பே பண்ணுவாங்க, புள்ள பொறந்தநாளுக்குன்னு. அதுக்கடுத்து ஒரு பீடி கட்டு, அதுக்கடுத்து ஒரு சிம் கார்டு. நீங்க முடியாதுன்னு சொன்ன நிமிஷம் அவன் சிரிச்சுக்கிட்டே "சார் அன்னிக்கு பண்ணது வெளிய தெரிஞ்சா உங்க வேலை என்ன ஆகும்"ம்பான், அந்த சிரிப்புக்கு அப்புறம் பிளாக்குக்கு உண்மையான வார்டர் அவன்தான்.

தப்பிக்கற வழி மொத படிலயே இருக்கு. வீட்டுக்கு சேதி சொல்லணுமா, ஜெயில்லயே போன் வசதி இருக்கு, மனு இருக்கு, லெட்டர் இருக்கு, நல அலுவலர் இருக்காரு, அந்த வழிய காட்டிவிடுங்க, அந்த கோரிக்கைய நீங்களே எழுதி வாங்கி அன்னிக்கே ஆபீஸ்ல சேத்துடுங்க. உதவி பண்ண வேணாம்னு நான் சொல்லல, ரெஜிஸ்டர்ல எழுத முடியற உதவிய மட்டும் பண்ணுங்க. எழுத கூசுற எதையும் பண்ணாதீங்க, இதுக்கு மேல வேற சூத்திரம் எனக்கு தெரியல. கைதியோட நேராவோ சுத்தி வளைச்சோ கொடுக்கல் வாங்கல் எதுவும் வெச்சுக்கக் கூடாதுன்னு சிறைச் சட்டம் 9ஆம் பிரிவு சொல்லுது, தடை செஞ்ச பொருள உள்ள கொண்டு போனா 42ஆம் பிரிவுல ஆறு மாசம் வரைக்கும் உள்ள போகலாம், கஞ்சான்னா அது போதைப்பொருள் சட்டத்துல வேற கேஸ். ஒருவேளை ஏற்கெனவே ஒரு படி எறங்கிட்டீங்கன்னா ரெண்டாவது படில நின்னு யோசிக்காம நேரா ஜெயிலர்கிட்ட போய் எழுதிக் கொடுத்துடுங்க, மெமோ வரும், வந்தா வாங்கிக்கோங்க, அஞ்சாவது படில மாட்டினா சஸ்பென்ஷன் இல்ல, ரிமாண்ட்.

முடியாதுன்னு சொல்றதுக்கும் ஒரு முறை இருக்கு. "பாக்கலாம்"ங்கற பதில ஜெயிலுக்குள்ள சொல்லவே கூடாது, வெளிய அது மரியாதையா மறுக்கறது, உள்ள அது வாக்கு கொடுத்த மாதிரி. முடியும்னா எப்போ முடியும்னு சொல்லுங்க, முடியாதுன்னா அங்கயே முடியாதுன்னு காரணத்தோட சொல்லிடுங்க, கேட்டுச் சொல்றேன்னு சொன்னீங்கன்னா சாயங்காலத்துக்குள்ள போய் பதில் சொல்லுங்க, பதில் "இல்ல"ன்னாலும் போய் சொல்லுங்க. அதே மாதிரி ஒருத்தனுக்கு இல்லன்னத இன்னொருத்தனுக்கு கொடுக்காதீங்க, பிளாக்ல அதவிட வேகமா பரவற சேதி கெடையாது.

சோதனை போடும்போது

ரெண்டு பேரா போங்க, ஒருத்தர் தேடும்போது இன்னொருத்தர் கைதிங்க கையையும் கண்ணையும் பாத்துக்கிட்டிருக்கணும். கண்ணுக்கு தெரியாத எடத்துல வெறும் கைய விடாதீங்க, பிளேடு, ஊசி எது வேணா இருக்கும், மொதல்ல கண்ணால பாக்கணும், கண்ணாடியோ டார்ச்சோ வெச்சு பாக்கணும், அப்புறம்தான் கை, அதுவும் கிளவுஸ் போட்டு. தலைகாணி, செருப்பு, சோப்பு டப்பா, ஜன்னல் மேல் விளிம்பு, கக்கூஸ் தண்ணித்தொட்டி, செவுத்துல புதுசா பூசின மாதிரி தெரியற எடம், மரத்தடில புதுசா கெளறின மண்ணு. பிளாக்குக்குள்ள மட்டும் தேடாம காம்பவுண்டு செவுத்து ஓரமாவும் விடிகாலைல ஒரு நடை நடந்துடுங்க, வெளிய இருந்து பந்து மாதிரி சுத்தி வீசறதெல்லாம் அங்கதான் விழும்.

எடுத்த சாமான எடுத்த எடத்துல வைங்க. கைதிகிட்ட இருக்கறதே ஒரு துணி மூட்டை, நாலு லெட்டர், புள்ள போட்டோ, ஒரு சாமி படம், அத கால்ல தள்ளிட்டு வந்தீங்கன்னா ஒரு பீடி கட்ட புடிச்ச சந்தோஷத்துக்கு ஒரு பிளாக்கையே பகைச்சுக்கிட்டீங்க. எதாவது கெடச்சா அங்கயே சாட்சி வெச்சு எழுதி, சூப்பிரண்டுக்கு ரிப்போர்ட் போகணும். "இந்த ஒரு தடவை விட்டுடறேன்"னு பாக்கெட்ல போட்டுக்கிட்டு வந்தா அந்தப் பொருள் இப்போ உங்களோடது, ஞாபகம் இருக்கட்டும்.

சண்டை வந்தா

தனியா நடுவுல பாயாதீங்க, வீரம் காட்டற எடம் இது கிடையாது. மொதல்ல விசில், இல்லன்னா அலாரம். அப்புறம் வேடிக்கை பாக்கறவங்கள உள்ள தள்ளி பூட்டுங்க, ரெண்டு பேரு சண்டை இருபது பேரு சண்டை ஆகறது வேடிக்கை பாக்கறவங்களாலதான். சத்தமா, பேர சொல்லி, ஒரே கட்டளைய திரும்பத் திரும்ப சொல்லுங்க. ஆளுங்க வந்ததும் பிரிச்சு வேற வேற எடத்துக்கு கொண்டு போய், ரெண்டு பேரையும் டாக்டர்கிட்ட காட்டணும், ஒருத்தனுக்கு ஒண்ணுமே ஆகலன்னாலும் காட்டணும். நெறைய சண்டை திடீர்னு வந்த மாதிரி தெரியும், ஆனா அதுக்கு முன்னாடியே பிளாக் வாசம் மாறியிருக்கும், எப்பவும் சத்தமா இருக்கற எடம் அமைதியாயிடும், சாப்பாட்டு வரிசைல கூட்டம் ரெண்டா பிரிஞ்சு நிக்கும், வெயில்லயும் செருப்பில்லாம அலையறவன் அன்னிக்கு ஷூ போட்டிருப்பான், தெனமும் வணக்கம் வெக்கறவன் கண்ண பாக்க மாட்டான். அத கவனிக்கறவர்தான் நல்ல வார்டர்.

பலம் பிரயோகிக்கறது அடங்கற வரைக்கும்தான். அடங்கின பிறகு விழற அடிக்கு சட்டத்துல பேரே வேற. கஸ்டடில சாவு நடந்தா 24 மணி நேரத்துக்குள்ள தேசிய மனித உரிமை ஆணையத்துக்கு தகவல் போகணும், மாஜிஸ்திரேட் விசாரணை நடக்கும், முந்தி குற்றவியல் நடைமுறைச் சட்டம் 176ல இருந்தது இப்போ அதுக்கு பதிலா வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்துல 196ஆம் பிரிவுல இருக்கு, சிசிடிவி புட்டேஜ் கேப்பாங்க, அன்னிக்கு கூட நின்னு "போடு மச்சான்"னு உசுப்பேத்தினவன் ஒருத்தனும் சாட்சிக் கூண்டுல உங்க பக்கம் நிக்க மாட்டான். அதே போல ஒருத்தன பழிவாங்க தனி செல்ல போட்டு மறந்துடறதும் கூடாது, 1978ல சுனில் பத்ரா வழக்குலயே சுப்ரீம் கோர்ட் தனிமைச் சிறைக்கு கடிவாளம் போட்டுடுச்சு, ஐநாவோட நெல்சன் மண்டேலா விதிகள் 15 நாளுக்கு மேல தொடர்ச்சியா தனிமைல வெக்கறத தடை பண்ணுது.

சாதி விஷயத்துலயும் ரொம்ப ஜாக்கிரதை. சமைக்க இன்ன சாதி, கக்கூஸ் கழுவ இன்ன சாதின்னு வேலை பிரிக்கறது, ரெஜிஸ்டர்ல சாதி கட்டம் வெக்கறது, இதெல்லாம் அரசியல் சட்டத்துக்கு விரோதம்னு 2024 அக்டோபர் 3ஆம் தேதி சுகன்யா சாந்தா வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு, அந்த வழக்குல நம்ம பாளையங்கோட்டை ஜெயில்ல சாதி வாரியா பிரிச்சு வெச்சதும் பேசப்பட்டுச்சு. சண்டை வராம இருக்கத்தான் பிரிக்கறோம்னு பழைய ஆளுங்க சொல்லுவாங்க, ஆனா பிரிச்சு வெச்சா பகை வெளிய போகும்போதும் அப்படியேதான் போகும். சுத்தம் பண்ற வேலைக்கு முறை வெச்சு எழுதி பிளாக் வாசல்ல ஒட்டிடுங்க, உங்க சாதிக்காரன் ஒருத்தன் "அண்ணே நம்மாளு"ன்னு வந்து நிப்பான், அவனுக்கும் முறை வரும்போது வாளி தூக்க கொடுங்க, அன்னில இருந்து உங்க பேச்சுக்கு மதிப்பே வேற.

பொண்ணுங்க வார்டு பத்தி ரெண்டு வரி. பெண் கைதிய சோதிக்கறது, காவல் பாக்கறது எல்லாம் பெண் காவலர்தான், ஆம்பளை ஸ்டாப் யாரா இருந்தாலும் கூட பெண் காவலர் இல்லாம உள்ள போகக் கூடாது, அவசரம்னு கூப்பிட்டாலும் போகாதீங்க. ஆறு வயசு வரைக்கும் குழந்தைங்க அம்மாவோட உள்ள இருக்கலாம், 2006ல சுப்ரீம் கோர்ட் அதுக்கு வழிகாட்டுதல் கொடுத்திருக்கு, அந்தக் குழந்தைங்க கைதி கிடையாது, அவங்க முன்னாடி அம்மாவ அதட்டாதீங்க.

எழுதறது, தூங்கறது, வீடு

சம்பவம் நடந்தா ஷிப்ட் முடியறதுக்குள்ள எழுதிடுங்க. எத்தனை மணி, எங்க, யாரு, நான் என்ன பாத்தேன், நான் என்ன பண்ணேன். "அவன் கோவமா இருந்தான்"னு எழுதறத விட "தட்ட வீசிட்டு கம்பிய ஆட்டினான்"னு எழுதுங்க. கேள்விப்பட்டத கேள்விப்பட்டதுன்னே எழுதுங்க. ரெண்டு வருஷம் கழிச்சு கோர்ட்ல நிக்கும்போது மூளைல ஒண்ணும் இருக்காது, நோட்ல இருக்கறதுதான் பேசும்.

நைட் டூட்டி உடம்ப தின்னும். டூட்டி முடிச்சு வந்து போன நோண்டிக்கிட்டு படுக்காதீங்க, ரூம இருட்டாக்கிட்டு படுங்க. டவர்ல டூட்டின்னா ஆளு இல்லன்னு சாஞ்சுடக் கூடாது, நின்னு நடந்துக்கிட்டே இருங்க, துப்பாக்கிய சாத்தி வெச்சுட்டு பேப்பர் படிக்கறதெல்லாம் வேணாம். உள்ள காசநோய், சொறி சிரங்கு ஜாஸ்தி, ரெண்டு வாரத்துக்கு மேல இருமுற கைதிய டாக்டருக்கு அனுப்புங்க, நீங்களும் இருமினா போய் காட்டுங்க, யூனிபார்ம வீட்டு துணியோட சேத்து ஊற வெக்காதீங்க.

ஆள் பத்தாக்குறை எல்லா ஜெயில்லயும் இருக்கு. ஆறு கைதிக்கு ஒரு காவலர்னு மத்திய அரசு 2016ல போட்ட மாடல் பிரிசன் மேனுவல் சொல்லுது, நீங்க போய் நிக்கற பிளாக்ல அந்தக் கணக்க தேடாதீங்க. அதனால லீவு கேட்டா கெடைக்காது, கெடைக்கும்போது எடுத்து ஊருக்கு போயிடுங்க, சேத்து வெக்கலாம்னு நெனக்காதீங்க. உள்ள பாத்த கோவத்த வீட்டு வாசல் வரைக்கும் கொண்டு வர்றவங்களும், அத குவாட்டர்ல கரைக்கறவங்களும் குவார்ட்டர்ஸ் லைன்ல உங்க கண்ணுல படுவாங்க. டூட்டி முடிஞ்சதும் ஒரு மணி நேரம் ஓடறதோ, வாலிபால் ஆடறதோ எதாவது ஒண்ண கெட்டியா புடிச்சுக்கோங்க. பேஸ்புக், இன்ஸ்டால யூனிபார்ம் போட்டோ, புள்ளைங்க ஸ்கூல் போட்டோ, வீட்டு வாசல் போட்டோ போடாதீங்க.

வெளிய வந்த ஆளு பஸ் ஸ்டாண்டுல பாத்து "சார் என்ன தெரியுதா"ம்பான், இது கண்டிப்பா நடக்கும். நூத்துக்கு தொண்ணூறு பேரு பாசத்துலதான் வருவாங்க. நின்ன எடத்துலயே ரெண்டு வார்த்தை நல்லா பேசுங்க, வேலைக்கு போறியா, கேஸ் என்னாச்சுன்னு கேளுங்க, டீ வாங்கித் தர்றேன்னா வேணாம்னு சொல்லிடுங்க, நம்பர் கேட்டா கொடுக்காதீங்க, எந்த பஸ்ல ஏறப் போறீங்கன்னு கேட்டா பக்கத்துல ஒரு வேலை இருக்குன்னு சொல்லிட்டு அவன் போன பிறகு ஏறுங்க. மொறைச்சுக்கிட்டு வர்றவன் எவனாவது இருந்தா, இல்ல வீட்டுப் பக்கம் சுத்தறான்னு தெரிஞ்சா, நீங்களா போய் பேசித் தீக்காம அன்னிக்கே சூப்பிரண்டு ஆபீஸ்ல எழுதிக் கொடுத்து லோக்கல் ஸ்டேஷன்லயும் சொல்லி வைங்க.

டிகிரி இருக்கறவங்க வார்டராவே இருந்துடணும்னு கட்டாயம் இல்ல. உதவி ஜெயிலர் வேலைக்கு டிஎன்பிஎஸ்சி தேர்வு வெக்குது, உள்ள வேலை பாத்த அனுபவம் இருந்தா அந்த வேலை உங்களுக்கு புதுசா இருக்காது. துறைல அனுமதி வாங்கிட்டுத்தான் அப்ளை பண்ணணும், அந்த பேப்பர கடைசி தேதி வரைக்கும் தள்ளிப் போடாதீங்க, ஆபீஸ்ல பைல் நகர டைம் எடுக்கும்.